ஆல்பர்ட் ஹென்றி மன்செல்

ஆல்பர்ட் ஹென்றி மன்செல் (ஜனவரி 6, 1858 – ஜூன் 28, 1918) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஓவியரும், ஓவிய ஆசிரியரும், நிறவியலாளரும் ஆவார். நிறங்களை நிறச்சாயல், ஒளிர்மை, நிறச்செறிவு என்னும் மூன்று தனித்தனி அளவுகளால் குறிக்கும் மன்செல் நிற முறைமையை உருவாக்கியவர் இவரே. ஒரு நிறத்தைப் பெயரால் அன்றி எண்ணால் குறிக்க முடியும் என்பதையும், அந்த எண்களை மனிதக் கண்ணின் உணர்வைக் கொண்டே அமைக்க வேண்டும் என்பதையும் செயலளவில் நிறுவிக் காட்டியவர்களுள் இவர் முதன்மையானவர்.

மண்ணியல், தொல்லியல், அச்சுத்தொழில், சாயத்தொழில் எனப் பல துறைகளில் இவரது நிற மாதிரிகள் பயன்பட்டு வருகின்றன. கணினியில் திசையன் வரைகலை மென்பொருள்களைக் கையாள்வோர் நாள்தோறும் காணும் நிற மாதிரித் தொகுப்புகளுக்கும், நிறத்தேர்வுக் கருவிகளில் உள்ள மூன்று அளவுகோல்களுக்கும் அடிப்படையான சிந்தனைகளுள் மன்செல்லின் பணியும் ஒன்றாகும்.

இளமையும் கல்வியும்

மன்செல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் பாஸ்டன் நகரில் பிறந்தார். அந்நகரில் இருந்த மாசச்சூசெட்ஸ் நார்மல் ஓவியப் பள்ளியில் பயின்றார். 1870ஆம் ஆண்டு அம்மாநிலத்தில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, பொதுப் பள்ளிகளில் வரைதல் கற்பிக்கப்படுவதைக் கட்டாயமாக்கியது. அதற்குத் தேவையான ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பொருட்டு 1873ஆம் ஆண்டு தொடங்கப்பட்டதே அப்பள்ளியாகும். ஓவியரை உருவாக்குவது மட்டுமன்றி, ஓவியத்தைக் கற்பிக்கத் தக்கவரை உருவாக்குவதும் அதன் நோக்கமாக இருந்தது. மன்செல்லின் பிற்காலப் பணிகள் பலவற்றிலும் ஓர் ஆசிரியரின் தேவைகளே முன்னிற்பதற்கு இப்பின்னணி ஒரு காரணமாகும்.

1881ஆம் ஆண்டில் அதே பள்ளியில் ஆசிரியராகப் பணியேற்றார். பின்னர் 1880களின் நடுப்பகுதியில் பிரான்சு சென்று, பாரிசில் ஜூலியன் கலைக்கழகத்திலும் எகோல் தே போசார் என்னும் நுண்கலைப் பள்ளியிலும் பயின்றார். அங்கு பெற்ற பரிசின் உதவியுடன் ரோம் நகரிலும் சிறிது காலம் கற்றார். நாடு திரும்பியபின் நார்மல் ஓவியப் பள்ளியில் நிற அமைப்பு, ஓவியர்க்கான உடற்கூற்றியல் ஆகிய பாடங்களைப் பல ஆண்டுகள் கற்பித்தார்.

ஓவியப் பணி

மன்செல் தம் காலத்தில் உருவப்பட ஓவியராகவும் கடற்காட்சி ஓவியராகவும் அறியப்பட்டவர். பார்வையும் செவிப்புலனும் இழந்த நிலையில் கல்வி பெற்றுப் புகழடைந்த ஹெலன் கெல்லரின் உருவப்படத்தை இவர் வரைந்துள்ளார். எனினும் இன்று இவரது பெயர் நிலைத்திருப்பது ஓவியங்களால் அன்று. நிறங்களை வகைப்படுத்திய முறையாலேயே ஆகும்.

ஓவியம் வரைவதற்கு முன்பே நிறங்களின் வரிசையை மனத்தில் திட்டமிட்டுக்கொள்ள முடியுமா என்ற கேள்வி இவரது ஓவிய அனுபவத்திலிருந்தே எழுந்தது. 1892ஆம் ஆண்டு இத்தாலியின் வெனிஸ் நகரில் தங்கியிருந்தபோது, வடிவமைப்புக் கலை அறிஞரான டென்மன் ராஸ் என்பவருடன் இவ்வகையான முறைமை ஒன்றின் தேவையைப் பற்றி உரையாடினார். இசைக் கலைஞர்களுக்குச் சுரக் குறியீடு இருப்பதுபோல் ஓவியருக்கு நிறக் குறியீடு இல்லை என்பது மன்செல்லைத் தொடர்ந்து சிந்திக்க வைத்தது.

நிறப்பெயர்களின் சிக்கல்

மன்செல் தீர்க்க முயன்ற சிக்கல் எளிதில் விளங்கக்கூடியது. வழக்கில் உள்ள நிறப்பெயர்களுள் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு பொருளின் பெயரிலிருந்து பிறந்தவை. ஆரஞ்சு, ரோஜா, ஊதா போன்ற பெயர்கள் பழத்தையும் பூவையும் சுட்டுகின்றன. தமிழிலும் கிளிப்பச்சை, மயில்கழுத்து நிறம், மாம்பழ மஞ்சள், செங்கல் நிறம் என்றே கூறுகிறோம். பொருள் கண்முன் இருக்கும்வரை இப்பெயர்கள் போதுமானவை. ஆனால் ஒருவர் கூறும் கிளிப்பச்சையும் மற்றொருவர் கருதும் கிளிப்பச்சையும் ஒன்றே என்பதற்கு உறுதி இல்லை. சாயத் தொழிலகத்துக்குக் கடிதம் மூலம் நிறத்தைத் தெரிவிக்க வேண்டிய வணிகருக்கு இது பொருளிழப்பில் முடியக்கூடிய சிக்கலாகும்.

வகுப்பறையிலும் இதே இடர்ப்பாடு இருந்தது. ஒரு நிறத்தை வெளிறச் செய்வது, இருளச் செய்வது, மங்கச் செய்வது ஆகிய மூன்றும் வெவ்வேறான செயல்கள். அன்றாட மொழியில் இவை ஒன்றோடொன்று கலந்தே வழங்கப்படுகின்றன. மாணவருக்கு இவற்றைப் பிரித்து விளக்கச் சொற்களே இல்லாதிருந்தன.

முன்னோடிகள்

நிறங்களை முப்பரிமாண வடிவில் அடுக்கும் முயற்சி மன்செல்லுக்கு முன்பே இருந்தது. ஜொஹான் ஹைன்ரிச் லாம்பர்ட் 1772ஆம் ஆண்டில் நிறக் கூம்பகம் ஒன்றை வெளியிட்டார். செருமானிய ஓவியர் பிலிப் ஓட்டோ ரூங்கே 1810ஆம் ஆண்டில் நிறக் கோளத்தை விளக்கினார். பிரெஞ்சு வேதியியலாளர் மிஷெல் யூஜின் செவ்ரோல் நிறங்களின் ஒத்திசைவு குறித்து விரிவாக ஆராய்ந்தார்.

மன்செல்லின் மீது மிகுந்த தாக்கம் செலுத்தியவர் அமெரிக்க இயற்பியலாளர் ஆக்டன் ரூட் ஆவார். இவர் 1879ஆம் ஆண்டில் வெளியிட்ட மாடர்ன் க்ரோமாட்டிக்ஸ் என்ற நூல், நிறம் பற்றிய அறிவியலை ஓவியர்களுக்கு ஏற்ற முறையில் எடுத்துரைத்தது. ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் பயன்படுத்திய சுழல்தட்டு முறையும் இந்நூலின் வழியே ஓவியர்களிடையே பரவியது. வட்டத் தட்டில் வெவ்வேறு நிறப் பகுதிகளைப் பொருத்தி விரைவாகச் சுழற்றினால் கண் அவற்றைத் தனித்தனியே காணாது; கலந்த ஒரே நிறமாகக் காணும். இரு எதிர் நிறங்கள் சரியான விகிதத்தில் இருந்தால் தட்டு சாம்பல் நிறமாகத் தோன்றும். இந்தச் சோதனை மன்செல்லின் ஆய்வுக்கு முதன்மைக் கருவியாயிற்று.

நிறக் கோளமும் ஒளிமானியும்

மன்செல் முதலில் கருதிய வடிவம் கோளமாகும். வட துருவத்தில் வெண்மை, தென் துருவத்தில் கருமை, நடு அச்சில் சாம்பல் நிறங்கள், நிலநடுக்கோட்டைச் சுற்றி நிறச்சாயல்கள் என்று அவர் அமைத்தார். கோளத்தைச் சுழற்றினால் ஒவ்வொரு மட்டத்திலும் உள்ள நிறங்கள் ஒன்றையொன்று சமன்செய்து சாம்பலாகத் தோன்ற வேண்டும் என்பது அவர் வகுத்த நிபந்தனை. இவ்வாறான நிறக் கோளத்துக்கு 1900ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார்.

கோளத்தில் நிறங்களை இடுவதற்கு ஒவ்வொரு நிறத்தின் ஒளிர்மையையும் அளந்தறிய வேண்டியிருந்தது. அதற்காக ஒளிமானி ஒன்றை வடிவமைத்து 1901ஆம் ஆண்டில் அதற்கும் காப்புரிமை பெற்றார். ஒரு பெட்டிக்குள் ஒரு பக்கம் அளக்க வேண்டிய மாதிரியும், மறுபக்கம் வெண்மையான ஒப்பீட்டுப் பரப்பும் வைக்கப்படும். வெண்பரப்பின் மீது விழும் ஒளியைத் திறப்பு ஒன்றின் வழியாகக் கூட்டியும் குறைத்தும், இரு பக்கங்களும் சம அளவில் ஒளிர்வதாகத் தோன்றும் நிலையைக் காண வேண்டும். அப்போது அளவுகோல் காட்டும் எண்ணே அம்மாதிரியின் ஒளிர்மை ஆகும். ஓவியர் ஒருவர் தம் கண்ணை மட்டும் நம்பாமல் கருவி அமைத்து அளவெடுத்தது அக்காலத்தில் அரிதான செயலாகும்.

1899ஆம் ஆண்டு முதல் தம் வாழ்நாளின் இறுதிவரை நிற ஆய்வுகளைப் பற்றிய நாட்குறிப்பு ஒன்றை மன்செல் எழுதிவந்தார். சோதனைகள், சந்தித்த அறிஞர்கள், பெற்ற மறுப்புகள் ஆகியவை அதில் பதியப்பட்டுள்ளன.

மூன்று அளவுகள்

மன்செல் முறைமையில் ஒவ்வொரு நிறமும் மூன்று பண்புகளால் குறிக்கப்படுகிறது.

நிறச்சாயல்: ஒரு நிறத்தைச் சிவப்பு என்றோ பச்சை என்றோ இனம்காட்டும் பண்பு இது. ஓவியர்கள் மரபாகக் கொண்டிருந்த சிவப்பு, மஞ்சள், நீலம் என்ற மூன்று முதல் நிறங்களை மன்செல் ஏற்கவில்லை. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா ஆகிய ஐந்தையும் முதன்மைச் சாயல்களாகக் கொண்டார். இவற்றுக்கு இடையே மஞ்சட்சிவப்பு, பச்சைமஞ்சள், நீலப்பச்சை, ஊதாநீலம், செவ்வூதா ஆகிய ஐந்து இடைச்சாயல்கள் அமைகின்றன. இந்தப் பத்தும் ஒவ்வொன்றும் பத்துப் படிகளாகப் பகுக்கப்பட, வட்டம் முழுவதும் 100 படிகளைக் கொண்டதாகிறது. பதின்மக் கணக்கில் எளிதாகக் கையாள முடிவது இவ்வமைப்பின் சிறப்பாகும்.

ஒளிர்மை: ஒரு நிறம் எவ்வளவு வெளிறியது அல்லது இருண்டது என்பதைக் காட்டுவது. முழுக் கருமை 0, முழு வெண்மை 10. இவ்விரண்டும் நடைமுறைச் சாயங்களால் எட்ட முடியாத எல்லைகள். ஆகவே மாதிரி அட்டைகள் இவற்றுக்கு இடைப்பட்டே அமையும்.

நிறச்செறிவு: ஒரு நிறம் அதே ஒளிர்மை கொண்ட சாம்பலிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்பதைக் காட்டுவது. சாம்பலின் செறிவு 0. இவ்வளவுக்கு மேல் எல்லை எதுவும் வரையறுக்கப்படவில்லை.

குறியீடு எழுதும்போது முதலில் சாயல், அடுத்து ஒளிர்மை, சாய்கோட்டுக்குப் பின் செறிவு என்ற வரிசை பின்பற்றப்படுகிறது. சாயல்கள் அவற்றின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளால் குறிக்கப்படுகின்றன. காட்டாக, 5 ஆர் 5/10 என்பது சிவப்புச் சாயலின் நடுப்படியில், நடுத்தர ஒளிர்மையும், 10 அளவு செறிவும் உடைய நிறம். சாயல் அற்ற சாம்பல் நிறங்கள் என் என்ற எழுத்துடன் ஒளிர்மையை மட்டும் சேர்த்து எழுதப்படுகின்றன.

இக்குறியீட்டின் பயன் நிறத்தை அடையாளம் காட்டுவதோடு முடிவதில்லை. இரு எதிர் நிறங்களைச் சமநிலையில் வைக்க எவ்வளவு பரப்பு தேவை என்பதையும் மன்செல் இவ்வெண்களைக் கொண்டே கணக்கிட்டார். ஒவ்வொரு நிறத்தின் ஒளிர்மையையும் செறிவையும் பெருக்கி வரும் தொகைக்கு எதிர்விகிதத்தில் பரப்பு அமைய வேண்டும் என்பது அவரது விதி. சிவப்பு 5/10, நீலப்பச்சை 5/5 என்று கொண்டால் பெருக்கத் தொகைகள் முறையே 50, 25 ஆகும். ஆகவே சிவப்பு ஒரு பங்கு எனில் நீலப்பச்சை இரு பங்கு பரப்பைப் பெற வேண்டும்.

கோளத்திலிருந்து மரத்திற்கு

மன்செல்லின் பணியில் மிக முக்கியமான கட்டம், அளவீடுகள் கோள வடிவத்துக்கு இணங்காமற் போனதாகும். எல்லா நிறங்களும் மையத்திலிருந்து சம தொலைவில் முடிவதாகக் கோளம் கருதுகிறது. ஆனால் சாயப்பொருள்களை அளந்தபோது, வலிமையான சிவப்பு நிறம் 10 படிகள் வரை வெளியே நீள, அதற்கு எதிரான நீலப்பச்சை 5 படிகளிலேயே முடிந்துவிட்டது. மஞ்சள் தன் முழுச் செறிவை வெண்மைக்கு அருகில் அடைகிறது. ஊதாநீலமோ கருமைக்கு அருகில் அடைகிறது. கோளத்தின் நிலநடுக்கோடு எல்லாத் தூய நிறங்களுக்கும் ஒரே ஒளிர்மையை அளிப்பதால் இவ்வேறுபாட்டை அதில் காட்ட இயலாது.

அளவுகளைச் சுருக்கியோ நீட்டியோ கோளத்துக்குள் அடக்குவதற்கு வழி இருந்தது. மன்செல் அதைச் செய்யவில்லை. கோளத்தை அவர் சமநிலையை விளக்கும் கற்பித்தல் கருவியாக மட்டும் வைத்துக்கொண்டார். முழுமையான வடிவமாக நிற மரம் என்பதை முன்வைத்தார். நடுத்தண்டு சாம்பல் அளவுகோல், கிளைகள் நிறச்சாயல்கள், ஒவ்வொரு கிளையும் அந்நிறம் எவ்வளவு செறிவு பெறக்கூடுமோ அவ்வளவு நீளம் உடையது. இம்மரம் சமச்சீர் அற்றது. பிற்காலத்தில் புதிய சாயங்கள் கண்டுபிடிக்கப்பட்டபோது கிளைகளை நீட்டிக்கொள்ள முடிந்ததே தவிர, இருந்த நிறங்களின் எண்களை மாற்ற வேண்டியிருக்கவில்லை. செறிவு அளவுக்கு மேல் எல்லை வகுக்காததன் பயன் இது.

செருமானிய வேதியியலாளர் வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்டு 1905ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு வருகைப் பேராசிரியராக வந்தபோது மன்செல்லைச் சந்தித்தார். பின்னாளில் ஓஸ்ட்வால்டு உருவாக்கிய நிற முறைமை சீரான இரட்டைக் கூம்பு வடிவத்தைக் கொண்டது. அதில் ஒவ்வொரு நிறமும் முழுநிறம், வெண்மை, கருமை ஆகியவற்றின் கலவை விகிதமாகக் கூறப்படுகிறது. சீரான வடிவம், அளவீட்டுக்கு இணங்கிய வடிவம் என்ற இவ்விரு அணுகுமுறைகளும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒன்றோடொன்று போட்டியிட்டன.

நூல்களும் நிற ஏடும்

மன்செல்லின் முதல் நூலான எ கலர் நொட்டேஷன் 1905ஆம் ஆண்டில் வெளியானது. நிறக் குறியீட்டு முறை என்பது தலைப்பின் பொருள். ஆசிரியர்களையும் மாணவர்களையும் கருத்திற்கொண்டு எழுதப்பட்ட இச்சிறு நூல் பல பதிப்புகளைக் கண்டது. எண்களை மட்டும் கொண்டு நிறத்தை உணர இயலாது என்பதால், வண்ணம் தீட்டிய மாதிரி அட்டைகளும் தேவைப்பட்டன. அட்லஸ் ஆஃப் த மன்செல் கலர் சிஸ்டம் என்ற நிற ஏடு 1915ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. ஒவ்வொரு மாதிரியும் தன் குறியீட்டுடன் உரிய கட்டத்தில் ஒட்டப்பட்டிருந்தது.

எ கிராமர் ஆஃப் கலர் என்ற தொகுப்பு இவரது மறைவுக்குப் பின் 1921ஆம் ஆண்டில் ஸ்ட்ராத்மோர் காகித நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. வண்ணக் காகிதங்களையும் மைகளையும் இணைத்து அச்சு வடிவமைப்பில் நிறங்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை அது விளக்குகிறது.

பள்ளிகளில் நிறக் கல்வி

நிறக் கல்வி குறித்து அக்காலத்தில் இருவேறு கருத்துகள் நிலவின. மழலையர் பள்ளிப் பொருள்களையும் விளையாட்டுப் பொருள்களையும் தயாரித்த மில்டன் பிராட்லி, குழந்தைகளுக்கு நிறமாலையின் தூய, கடுமையான நிறங்களையே முதலில் காட்ட வேண்டும் என்று கருதினார். மன்செல் இதற்கு நேர்மாறான நிலையை மேற்கொண்டார். கடுமையான நிறங்கள் குழந்தையின் கண்ணை மழுங்கச் செய்யும் எனவும், நடுத்தர ஒளிர்மையும் நடுத்தரச் செறிவும் உடைய ஐந்து நிறங்களிலிருந்தே பயிற்சி தொடங்க வேண்டும் எனவும் அவர் வாதிட்டார். நடுநிறங்கள் எனப்பட்ட இவை ஒளிர்மை 5, செறிவு 5 என்ற அளவில் அமைந்தவை.

இதற்கேற்ற கிரேயான்களும் வண்ணப் பொருள்களும் தயாரிக்கப்பட்டு விற்கப்பட்டன. 1926ஆம் ஆண்டில் மன்செல் கிரேயான்களின் உற்பத்தி, கிரேயோலா என்ற வணிகப் பெயரால் அறியப்பட்ட பின்னி அண்டு ஸ்மித் நிறுவனத்தின் வசமானது. எனினும் பள்ளிகளில் மன்செல் முறைமை அவர் எதிர்பார்த்த அளவுக்கு வேரூன்றவில்லை. அவரது முறைமை தொழில்துறையிலும் ஆய்வகங்களிலுமே பெருமளவில் ஏற்கப்பட்டது.

நிறுவனமும் இறுதிக் காலமும்

நிற மாதிரிகளைத் தொடர்ந்து தயாரிப்பது தனிமனிதரால் ஆகக்கூடியதாக இருக்கவில்லை. ஒவ்வொரு பதிப்பிலும் அதே குறியீட்டுக்கு அதே நிறம் கிடைக்க வேண்டும். சாயம் மாறினாலோ காகிதம் மாறினாலோ குறியீடு பொய்யாகிவிடும். இப்பொறுப்பை ஏற்க 1917ஆம் ஆண்டில் மன்செல் நிற நிறுவனம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு, ஜூன் 28, 1918 அன்று மாசச்சூசெட்ஸின் புரூக்லைன் நகரில் மன்செல் காலமானார். அப்போது அவருக்கு வயது 60.

மறைவுக்குப் பின் நடந்த திருத்தம்

மன்செல்லின் மகன் அலெக்சாண்டர் மன்செல் தந்தையின் பணியைத் தொடர்ந்தார். ஐக்கிய அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள் பணியகம் மன்செல் முறைமையை ஆராய்ந்து 1920ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. அறிக்கை குறைகளைச் சுட்டிக்காட்டியது. நிறுவனம் அவற்றை மறுத்து ஒதுக்காமல், திருத்தங்களுக்கான ஆய்வை மேற்கொண்டது. அவ்வாய்வின் விளைவாக 1929ஆம் ஆண்டில் மன்செல் புக் ஆஃப் கலர் வெளிவந்தது. 1921ஆம் ஆண்டில் இந்நிறுவனத்தில் பணியில் சேர்ந்த டோரதி நிக்கர்சன், பின்னர் அமெரிக்க வேளாண்மைத் துறைக்குச் சென்று, வேளாண் பொருள்களின் தரத்தை நிறத்தால் அளவிடும் பணியில் இம்முறைமையைப் பயன்படுத்தினார்.

அமெரிக்க ஒளியியல் கழகத்தின் குழு ஒன்று மன்செல் மாதிரிகளின் இடைவெளிகளை மீண்டும் ஆராய்ந்தது. 40 பார்வையாளர்கள் ஏறத்தாழ 30 இலட்சம் ஒப்பீட்டு முடிவுகளை அளித்தனர். இவற்றின் அடிப்படையில் 1943ஆம் ஆண்டில் நியூஹால், நிக்கர்சன், ஜட் ஆகியோர் திருத்தப்பட்ட குறியீட்டை வெளியிட்டனர். ஒளிர்மை அளவிலும் மாற்றம் ஏற்பட்டது. மன்செல்லின் ஒளிமானிக் கணக்கின்படி ஒளிர்மை 5 உடைய சாம்பல், விழும் ஒளியில் 25 விழுக்காட்டை எதிரொளிக்க வேண்டும். புதிய கணக்கின்படி அது ஏறத்தாழ 20 விழுக்காடாகும். கருமைக்கும் வெண்மைக்கும் சரிபாதியாகக் கண்ணுக்குத் தோன்றும் சாம்பல், வெண்மையில் ஐந்தில் ஒரு பங்கு ஒளியையே திருப்புகிறது என்பது இதன் பொருள்.

இத்திருத்தத்தில் மன்செல்லின் எண்கள் பல மாறின; ஆனால் மூன்று பண்புகளும், குறியீட்டு வடிவமும், கண்ணுக்குச் சமமாகத் தோன்றும் படிகள் என்ற கொள்கையும் அப்படியே நிலைத்தன.

1942ஆம் ஆண்டில் மன்செல் நிற அறக்கட்டளை அமைக்கப்பட்டது. அதன் நிதியைக் கொண்டு 1983ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்திலுள்ள ரோசெஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் மன்செல் நிறவியல் ஆய்வகம் நிறுவப்பட்டது.

பயன்பாடுகள்

மன்செல் முறைமை மிகப் பரவலாகப் பயன்படும் துறை மண்ணியலாகும். மண்ணின் நிறம் அதிலுள்ள இரும்புச் சேர்மங்கள், கரிமப் பொருள், நீர்தேங்கும் தன்மை ஆகியவற்றைப் பற்றிக் குறிப்புணர்த்துவதால் அதைத் துல்லியமாகப் பதிவது இன்றியமையாதது. 1940களில் அமெரிக்க வேளாண்மைத் துறை இதற்கென மன்செல் மண்நிற அட்டைகளை ஏற்றது. களப்பணியாளர் மண்கட்டியை அட்டையிலுள்ள மாதிரிகளுக்கு அருகே பிடித்து, பொருந்தும் குறியீட்டைக் குறித்துக்கொள்கிறார். மண் ஈரமாக இருந்ததா, உலர்ந்திருந்ததா என்பதும் உடன் குறிக்கப்படும். இந்தியாவிலும் மண்வள அளவாய்வு அறிக்கைகளில் இக்குறியீடே பயன்படுத்தப்படுகிறது. அகழாய்வுகளில் மண்ணடுக்குகளையும் மட்கலன்களையும் விவரிக்கத் தொல்லியலாளர்களும் இதனைக் கையாள்கின்றனர்.

சப்பானியத் தொழில்தரங்களில் நிறங்களைக் குறிக்கும் முறை மன்செல் முறைமையை அடிப்படையாகக் கொண்டது. நிறப்பெயர்களை ஒழுங்குபடுத்த அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட 267 பெயர்த் தொகுதிகளின் எல்லைகளும் மன்செல் குறியீட்டைக் கொண்டே வரையறுக்கப்பட்டன.

கணினி வரைகலையில்

அடோப் இல்லஸ்ட்ரேட்டர், கோரல்டிரா, இங்க்ஸ்கேப் போன்ற திசையன் வரைகலை மென்பொருள்களில், பயன்படுத்தும் நிறங்களை மாதிரிகளாகச் சேமித்து வைக்க இயலும். இல்லஸ்ட்ரேட்டரில் பொது மாதிரியாகச் சேமித்த நிறம் ஒன்றை மாற்றினால், அதைப் பயன்படுத்திய உருவங்கள் அனைத்திலும் நிறம் மாறிவிடும். உருவத்தில் இருப்பது நிறமன்று, நிறத்தைச் சுட்டும் குறிப்பே என்பது இதன் அடிப்படை. சேமித்த மாதிரிகளை வரிசைப்படுத்தவும், ஒன்றற்கொன்று இணக்கமான புதிய மாதிரிகளை உருவாக்கவும் நிறங்களிடையே உள்ள தொலைவு தெரிந்திருக்க வேண்டும். இங்குதான் மன்செல்லின் கேள்வி மீண்டும் எழுகிறது.

நிறத்தேர்வுப் பலகங்களில் காணப்படும் எச்.எஸ்.பி. முறை, சாயல், தெவிட்டல், பொலிவு என்னும் மூன்று அளவுகோல்களைக் கொண்டது. பார்வைக்கு இது மன்செல் முறைமையை ஒத்தது. 1978ஆம் ஆண்டில் ஆல்வி ரே ஸ்மித் வெளியிட்ட எச்.எஸ்.வி. மாதிரியமே இதுவாகும். ஆனால் இது திரையின் சிவப்பு, பச்சை, நீல அளவுகளிலிருந்து எளிய கணக்கால் பெறப்படுவது. கண்ணின் உணர்வை அளந்து பெறப்பட்டதன்று. திரையின் தூய மஞ்சளும் தூய நீலமும் இம்முறையில் ஒரே பொலிவு உடையவை, அதாவது 100 விழுக்காடு. கண்ணுக்கோ மஞ்சள் வெண்மைக்கு அருகிலும் நீலம் மிக இருண்டதாகவும் தோன்றுகின்றன. வெள்ளைத் தாளில் நீல எழுத்து தெளிவாகவும் மஞ்சள் எழுத்து படிக்க இயலாததாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் 1976ஆம் ஆண்டில் ஏற்ற லேப் நிறவெளி இக்குறையை நீக்க முயன்றது. அதன் உருவாக்கத்தில் மன்செல் ஒளிர்மை அளவு முக்கியப் பங்கு வகித்தது. லேப் முறையின் ஒளிர்மை எண்ணைப் பத்தால் வகுத்தால் ஏறத்தாழ மன்செல் ஒளிர்மை கிடைக்கும். இதன்படி மேற்கூறிய மஞ்சளின் ஒளிர்மை 97, நீலத்தின் ஒளிர்மை 32. ஒரே ஒளிர்மை உடைய நிறத் தொகுதியை அமைக்க விரும்பும் வடிவமைப்பாளருக்கு எச்.எஸ்.பி. எண்களைவிட இவ்வெண்களே உதவுகின்றன. லேப் அளவுகளைச் சாயல், செறிவு, ஒளிர்மை என மாற்றி எழுதும் முறை, மன்செல்லின் மூன்று அளவுகளுக்கு மிக நெருக்கமானது.

அச்சுத்தொழிலில் 1963ஆம் ஆண்டு முதல் வழங்கும் பேன்டோன் மாதிரிகளை மன்செல் மாதிரிகளுடன் குழப்பிக்கொள்ளுதல் கூடாது. பேன்டோன் எண் ஒரு குறிப்பிட்ட மைக் கலவையைச் சுட்டுகிறது. அடுத்தடுத்த இரு எண்களுக்கு இடையே சமமான காட்சி இடைவெளி இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. மன்செல் குறியீடு நிறத்தின் தோற்றத்தைச் சுட்டுகிறது. அதை எந்தச் சாயத்தால் உருவாக்குவது என்று கூறுவதில்லை.

வரம்புகள்

மன்செல் குறியீடு குறிப்பிட்ட ஒளியிலும், நடுநிலையான பின்னணியிலும் காணப்படும் நிறத்துக்கே பொருந்தும். மாலை ஒளியிலோ மின்விளக்கிலோ அதே அட்டை வேறாகத் தோன்றக்கூடும். அட்டைகள் நாளடைவில் வெளிறுவதால் அவற்றைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். நிறக்குருடு உடையோருக்கு இதன் சாயல் படிகள் சமமாகத் தோன்றுவதில்லை. மேலும், செறிவின் ஒரு படியும் ஒளிர்மையின் ஒரு படியும் அளவில் ஒன்றல்ல. ஒளிர்மையில் ஒரு படி, செறிவில் ஏறத்தாழ இரு படிகளுக்கு இணையான வேறுபாடாகக் கருதப்படுகிறது.

பரப்புச் சமநிலை பற்றிய மன்செல்லின் விதியும் பிற்காலத்தில் கேள்விக்குள்ளாயிற்று. நிறங்கள் சுழல்தட்டில் சாம்பலாவதும், அவை ஓர் ஓவியத்தில் இனிமையாகத் தோன்றுவதும் ஒன்றே என்பதற்குச் சான்று இல்லை. ஆயினும், இந்த மறுப்புகளை எழுப்புவதற்குத் தேவையான அளவுகளையும் சொற்களையும் பெருமளவுக்கு வழங்கியவர் மன்செல்லே ஆவார். நிறத்தைப் பற்றி இருவர் கருத்து வேறுபடும்போது, வேறுபாடு சாயலிலா, ஒளிர்மையிலா, செறிவிலா என்று கேட்க முடிவது அவரது பணியின் நிலையான பயனாகும்.